இலைப்பொடி கட்டி தட்டுகிறது: பெரிய பல்வரைசர் வாங்குவதா, டிரையர் வாங்குவதா?

பச்சிலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிராமத்தில் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு மூலிகைப்பொடி தயாரித்து விற்கிறோம். நானும் மனைவியும், கூடவே அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும். துளசி, வல்லாரை, கரிசலாங்கண்ணி, ஆவாரம்பூ, நிலவேம்பு, இவற்றில் தனித்தனிப் பொடி. தலைக்குத் தேய்க்கும் மூலிகை எண்ணெய் ஒன்றும் காய்ச்சுகிறோம். இலையில் பாதி எங்கள் தோட்டத்தில் வருகிறது. மீதியைப் பறித்துக்கொண்டு வந்து கொடுப்பவர்களிடம் எடைபோட்டு வாங்குகிறோம்.

செய்முறை சாதாரணம்தான். இலையை அலசி, கொட்டகைக்குள் பாயில் பரப்பி நிழலில் உலர்த்துவோம். காய்ந்ததும் சின்ன பல்வரைசரில் அரைத்து, சலித்து, அன்றைக்கே பாலித்தீன் கவரில் போட்டு சீல் வைத்துவிடுவோம்.

வெயில் காலம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை. மழை பிடித்ததும்தான் ஆரம்பித்தது. பச்சையாகக் கட்டிக் கொடுத்த துளசிப்பொடி கடையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் பழுப்பாகத் திரும்பி வருகிறது. கவரை விரலால் அழுத்தினால் உள்ளே கட்டி கட்டியாக நெருடுகிறது. ஆவாரம்பூப் பொடியில் சின்னச் சின்னதாகச் செம்பழுப்பு வண்டு. எண்ணெய் பாட்டிலில் அடியில் ஒரு கலங்கல் நிற்கிறது, திறந்தால் சோப்பு வாடை.

இந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம் துளசிப்பொடியை மாதாமாதம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. இப்போது செய்வதைப்போல் பல மடங்கு அளவு. 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடை) நைசாக இருக்க வேண்டும், ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வக அறிக்கை வேண்டும் என்கிறார்கள்.

கையில் இருக்கும் காசுக்கு ஒரு மெஷின்தான் வாங்க முடியும். பெரிய பல்வரைசரா, டிரையரா? பல்வரைசர் இருந்தால் அரவை வேகமாக முடியும், நைசும் கிடைக்கும். டிரையர் வாங்கினால் மழைக்காலத்தில் மட்டும்தானே பயன்படும் என்று மனைவி கேட்கிறாள்.

அப்புறம் இன்னொன்று. பொடி வாங்கும் கடைக்காரர் ஒருவர், லேபிளில் "சர்க்கரை நோய், மூட்டுவலி குணமாகும்" என்று போடுங்கள், சரக்கு பறக்கும் என்கிறார். போடலாமா?

விசைக்காற்று எழுதியது:

யோசிக்காமல் பல்வரைசர் வாங்குங்கள் பிரதர். பெரிய ஆர்டர் கையில் இருக்கும்போது உற்பத்தி அளவுதான் முக்கியம். சைக்ளோன், டஸ்ட் கலெக்டர் வைத்த மாடலாகப் பாருங்கள், கொட்டகை முழுக்கத் தூசி பறக்காது. 80 மெஷ் ஜாலியை உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம், தனியாகச் சலிக்கும் வேலை குறையும். ஈரம் பிரச்சினை என்றால் கவருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவிடுங்கள். முடிந்தது.

சல்லடை எழுதியது:

தம்பி, பல்வரைசர் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் பொடி அரைப்பதற்கு முன்னாலேயே பாதி கெட்டுவிடுகிறது, அரைத்த பிறகு மீதி கெடுகிறது. நடுவில் இருக்கும் மெஷினைப் பெரிதாக்கினால் கெட்டுப்போன பொடி அதிகமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

நானும் பெண்களை வைத்து இலை உலர்த்திப் பிழைப்பவள்தான், அதனால் கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. முதலில் இலை வந்து இறங்கும் இடத்தைப் பாருங்கள். பறித்து வருபவர்கள் சாக்கில் அமுக்கிக் கட்டிக் கொண்டு வருவார்கள். அந்தச் சாக்கின் வாயைப் பிரித்து நடுவில் கையை விடுங்கள். சூடாக இருக்கும். பறித்த பின்னும் இலை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்குகிறது. துளசி மாதிரி மெல்லிய இலை அந்தப் புழுக்கத்திலும் நசுங்கலிலுமே கறுக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பக்குவமாக உலர்த்தினாலும் பச்சை திரும்பாது. கூடையில் லேசாகப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். கறுத்த இலை வந்தால் எடைபோடாமல் திருப்பி அனுப்புங்கள். இரண்டொரு முறை அனுப்பினால் போதும், மூன்றாவது முறை தானாகக் கூடை வரும்.

அடுத்தது காய்ந்ததா என்று பார்க்கும் விதம். இலையைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்று அள்ளுவீர்கள், இல்லையா? இலைப்பரப்பு எப்போதும் முதலில் காயும். காம்பும் நடுநரம்பும் பின்னால்தான் காயும். இலை நொறுங்கும்போது காம்பை வளைத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். அந்தச் சரக்கைச் சாக்கில் கட்டி வைத்தால் காம்பில் இருந்த ஈரம் மெதுவாக இலைக்கு நகரும், நொறுங்கிய இலை மறுபடி தொய்யும். காம்பு "டக்" என்று ஒடிய வேண்டும். ஒடியாத சரக்கை அள்ளக்கூடாது. துளசியில் காம்பை உருவிவிட்டு இலையை மட்டும் உலர்த்துவது இன்னும் நல்லது, நேரமும் மிச்சம். நன்றாகக் காய்ந்த சரக்கையும் மூன்று நான்கு நாள் மூடி வைத்துவிட்டு, திறந்து மறுபடி ஒடித்துப் பாருங்கள். தொய்ந்திருந்தால் திரும்ப டிரேயில்.

அள்ளும் நேரமும் உண்டு. காய்ந்த இலை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மத்தியானம் மொறுமொறுவென்று இருந்ததை "காலையில் கட்டிக்கொள்ளலாம்" என்று பாயிலேயே விட்டால் விடியும்போது துவண்டு கிடக்கும். எங்களிடம் மாலைக்குள் அள்ளி மூடாத சரக்கு மறுநாள் திரும்ப உலர்த்தப் போகும், இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

இப்போது மழைக்காலத்துக்கு வருவோம். வெளிக்காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் இருக்கும்போது பாயில் ஒரு வாரம் போட்டாலும் இலை 8 சதவீதத்துக்கு இறங்காது. காற்று கொடுப்பதும் இலை விடுவதும் ஓரிடத்தில் சமமாகி நின்றுவிடும். ஆனால் அதே காற்றை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 44 சதவீதம் பக்கம் இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, சூடான காற்றால் கூடுதல் ஆவியைத் தாங்க முடிகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று இலைமேல் ஓடி வெளியே போக வேண்டும். சூடு மட்டும் இருந்து காற்று வெளியேறாத பெட்டியில் இலை அவிந்துவிடும். டிரையர் வாங்கும்போது எத்தனை டிகிரி போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எக்ஸாஸ்ட் எவ்வளவு காற்றை வெளியேற்றும், டிரேக்கு டிரே காற்று சமமாகப் போகிறதா என்று கேளுங்கள். வாசனை உள்ள இலைக்கு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம், துளசியின் மணம் ஆவியோடு போய்விடும். வேர், பட்டை என்றால் 50, 60 வரை தாங்கும்.

உங்கள் மனைவிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் டிரையர் சும்மா கிடக்காது. நிழலில் முக்கால்வாசி காய்ந்ததை மாலையில் உள்ளே ஏற்றி மிச்சத்தை இறக்குவதற்கு அதுதான் வசதி. கடைசி ஈரம்தான் தம்பி இறங்க மறுக்கும், முதல் ஈரம் தானே போய்விடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இத்தனையும் வீண். பொடியாக இருப்பு வைக்காதீர்கள், சருகாக வையுங்கள். அரைத்தவுடன் இலையின் உள்பக்கம் எல்லாம் வெளிப்பக்கம் ஆகிவிடுகிறது. காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஒவ்வொரு துகளையும் தொடும். ஒழுங்காக உலர்ந்த முழு இலை இருட்டில் மூடிக் கிடந்தால் மாதக்கணக்கில் நிறம் மாறாது. ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் அரைத்துக் கொடுங்கள். இப்போதிருக்கும் சின்ன பல்வரைசரே அதற்குத் தாராளம். 80 மெஷ் என்றால் ஏறக்குறைய 180 மைக்ரான். ஒரே ஓட்டில் அந்த நைசைப் பிழிந்து எடுக்க நினைத்தால் மெஷினும் சூடாகும், பொடியும் சூடாகும். முதலில் பெருவெட்டாக ஒரு ஓட்டு, ஆறவிட்டு நைசாக ஒரு ஓட்டு, சலித்து நிற்கும் கப்பியை மறுபடி போடுங்கள். மெஷினில் இலை போடும் ஹாப்பரின் வாயில் ஒரு காந்தம் வையுங்கள், இரும்புத் துணுக்கு பொடியில் போகக்கூடாது.

அரைத்த அன்றைக்கே சீல் வைக்கிறோம் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் கட்டி பிறக்கிறது. மெஷினிலிருந்து வரும் பொடி வெதுவெதுப்பாக இருக்கும். அதை அப்படியே கவரில் மூடினால் இரவில் கவர் குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். மூடிபோட்ட ஸ்டீல் பாத்திரத்தில் ஆறவைத்துப் பிறகு கட்டுங்கள். மெல்லிய பாலித்தீன் ஆவியையும் காற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும், வெளிச்சத்தைத் தடுக்கவே தடுக்காது. அலுமினியப் படலம் வைத்த கவருக்கு மாறுங்கள்.

சிலிக்கா ஜெல் யோசனை சொன்னவருக்கு ஒரு வார்த்தை: அந்தச் சின்னப் பொட்டலம் நன்றாகக் காய்ந்த பொடிக்குக் காவல் நிற்கும். காயாத பொடியைக் காயவைக்காது.

பச்சிலைக்காரன் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. சாக்கில் கையை விட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான், நடுவில் நல்ல சூடு.

ஒரு சந்தேகம். ஈரம் 8 சதவீதம் என்று அவர்கள் எண்ணில் கேட்கிறார்கள், காம்பு ஒடிவதை எண்ணாக எப்படி மாற்றுவது? ஈரம் அளக்கும் மெஷின் வாங்கும் நிலையில் இல்லை. ஆய்வக அறிக்கைக்கு எதையெல்லாம் சோதிக்கக் கொடுக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. வண்டுக்கு மருந்து அடிக்கலாமா?

ஆய்வகப்பூனை எழுதியது:

மூலிகைச் சரக்கைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஈரம் அளக்கப் பள்ளிக்கூட முறை ஒன்று போதும். பொடி 10 கிராம் எடுத்து, 105 டிகிரியில் நிற்கும் சின்ன ஓவனில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்னும் வரை காயவிடுங்கள். 9.2 கிராமில் நின்றால் ஈரம் 8 சதவீதம். இரண்டு தசமம் காட்டும் தராசு வேண்டும். துளசியில் ஒரு சிக்கல் உண்டு: அந்தச் சூட்டில் தண்ணீரோடு வாசனை எண்ணெயும் பறந்துவிடும் என்பதால் எண் உண்மையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும். வாங்குபவர் எந்த முறையில் அளக்கிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு சண்டை வராது.

அன்றாட வேலைக்கு இதைவிட எளிது ஜாடி முறை. கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி சருகைப் போட்டு, சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து இறுக மூடி, ஒருநாள் நிழலில் விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று இலையோடு சமநிலைக்கு வந்துவிடும். மானி 60க்குக் கீழே காட்டினால் பூஞ்சையோ பாக்டீரியாவோ பெருக முடியாது. 50க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக மூடலாம். மானி பொய் சொல்கிறதா என்று சந்தேகம் வந்தால், உப்பில் சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறாகக் குழைத்து ஒரு மூடியில் வைத்து, அதே ஜாடிக்குள் மானியோடு மூடுங்கள். சில மணி நேரத்தில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மானி 5 கூட்டிச் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டுக்கு மருந்து அடிக்கவே வேண்டாம், அந்த மருந்து பொடியோடு சோதனைக்கு வந்து நிற்கும். அந்தச் செம்பழுப்பு வண்டு உலர்ந்த மூலிகைக்கென்றே வருவது, மெல்லிய பாலித்தீனைத் துளைத்துக்கொண்டு போகக்கூடியது. வண்டு வந்த பொடியை அழித்துவிடுங்கள். இருப்புச் சருகில் சந்தேகம் இருந்தால் இறுகக் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை உட்பட சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் குளிர்ந்த இலைமேல் நீர் கோத்துவிடும்.

சோதனைக்கு வருவோம். ஈரம், சாம்பல் (எரித்த பின் மிஞ்சுவது), பூஞ்சை மற்றும் பாக்டீரியா எண்ணிக்கை, ஈ.கோலி, சால்மொனெல்லா, கன உலோகங்கள், பூச்சிக்கொல்லி எச்சம், பூஞ்சை நச்சு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் எல்லா லாட்டுக்கும் செய்தால் கட்டுப்படியாகாது. வாங்குபவர் எதையெல்லாம் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அதை மட்டும் செய்யுங்கள். சாம்பல் அளவு எகிறினால் பெரும்பாலும் மண்தான் காரணம், அலசுவதிலும் புடைப்பதிலும் கவனம் போதவில்லை என்று அர்த்தம். பூஞ்சை நச்சைப் பொறுத்தவரை ஒன்று நினைவில் இருக்கட்டும்: பூஞ்சை பிடித்த இலையைத் திரும்ப உலர்த்தினால் பூஞ்சை சாகலாம், அது விட்டுவிட்டுப் போன அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு சாதாரணச் சூட்டில் அழியாது. அந்தச் சரக்கை நல்ல சரக்கோடு கலந்து "சரிக்கட்டி" அனுப்புபவர்களின் மாதிரிகளை வாரா வாரம் பார்க்கிறேன்.

உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது வல்லாரைதான். தரையோடு படரும், ஈரமான வாய்க்கால் ஓரங்களில் வளரும். கழிவுநீர் கலக்கும் இடத்தில் பறித்தால் ஈ.கோலியும் வரும், ஈயமும் காட்மியமும் வரும். உலர் மூலிகைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். அலசினால் கிருமி கொஞ்சம் குறையும். வேர் வழியாக உறிஞ்சிய உலோகம் அலசினால் போகாது. வல்லாரையை மட்டுமாவது உங்கள் தோட்டத்தில் நல்ல தண்ணீரில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

கரிசலாங்கண்ணியிலும் குழப்பம் வரும். வெள்ளைப் பூ ஒன்று, மஞ்சள் பூ ஒன்று, இரண்டும் வேறு வேறு செடிகள். போதாததற்கு அழகுக்காக வளர்த்துத் தரையெங்கும் பரவிவிட்ட இன்னொரு மஞ்சள் பூச்செடியும் மூட்டையில் கலந்து வரும். பொடியான பிறகு கண்ணால் பிரிக்க முடியாது, நாங்களும் நுண்ணோக்கியும் ரசாயனச் சோதனையும் வைத்துத்தான் திணறுகிறோம். லாட்டுக்கு ஒரு செடியைப் பூவோடு தாளில் அழுத்திக் காயவைத்து, தேதியும் பறித்த இடமும் எழுதி வையுங்கள். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்குக் கொடுத்த மூலிகையில் ஒரு செடிக்குப் பதில் ஆடுதீண்டாப்பாளையின் இனத்துச் செடி கலந்து வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதித்தது. கலந்தவர்கள் யாரும் வேண்டுமென்று கலக்கவில்லை, மூட்டைக்குள் இருந்தது எது என்று யாரும் பார்க்கவில்லை.

மாதிரி எடுக்கும்போது மூட்டையின் மேலே இருப்பதை மட்டும் அள்ளாமல் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். அதில் ஒரு பங்கைச் சீல் வைத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் அனுப்பிய சரக்கு இது இல்லை" என்று யாராவது சொன்னால் அதுதான் சாட்சி.

கணக்கன் எழுதியது:

டிரையர் வாங்குவது என்று முடிவானால் அளவைப் பற்றி ஒரு கணக்கு. உருவிய பச்சை இலை 100 கிலோ, அதில் 80 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். உலர்ப்பொருள் 20 கிலோ. 8 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் கையில் நிற்பது 22 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஆக 78 கிலோ தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. அப்படியானால் ஒரு துளி வெப்பமும் வீணாகாத கற்பனை டிரையருக்கே 52 யூனிட் ஆகிறது. நிஜ டிரையரில் பாதி வெப்பம் எக்ஸாஸ்டோடு போகும், 100 யூனிட் பக்கம் வரும். முழுவதையும் மின்சாரத்தில் உலர்த்தினால் உங்கள் லாபம் மீட்டரில் ஓடிவிடும். வெயிலிலும் காற்றிலும் இலவசமாகப் போகக்கூடிய தண்ணீரை அப்படியே போகவிட்டு, கடைசிப் பகுதிக்கு மட்டும் டிரையர். மேலே அக்கா சொன்ன அதே வரிசைதான். விறகோ சருகுக் கழிவோ எரித்து, புகை இலையைத் தொடாமல் சூட்டை மட்டும் காற்றுக்குக் கொடுக்கும் அமைப்பு கிடைத்தால் அதையும் பாருங்கள்.

விலை பேசும்போது பச்சை இலை எடையிலிருந்து தொடங்காமல் சலித்த பொடி எடையிலிருந்து தொடங்குங்கள். காம்பு, கறுத்த இலை, கப்பி, மெஷினில் ஒட்டியது, சோதனைக்குப் போனது எல்லாம் கழிந்து 22 கிலோ இன்னும் இறங்கும். ஒரு லாட்டை முழுக்க எடைபோட்டுப் பாருங்கள், உங்கள் விகிதம் உங்களுக்கே தெரிந்துவிடும். வேறொருவர் விகிதத்தை வைத்து ஒப்பந்தம் போடாதீர்கள்.

எண்ணெய்ச்சட்டி எழுதியது:

எண்ணெயை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அடியில் கலங்கல், சோப்பு வாடை என்றால் தேங்காய் எண்ணெயில்தான் காய்ச்சுகிறார் என்று படிக்கும்போதே தெரிந்தது. தண்ணீர் மிச்சமிருந்தால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு உடைந்து அந்த வாடை வரும். பழைய எண்ணெயின் காறல் வாடை வேறு, அது காற்றால் வருவது.

பச்சை இலைச்சாறு விட்டுக் காய்ச்சுவதில் தப்பில்லை, பதம் பார்த்து இறக்க வேண்டும். எண்ணெய் கொதிக்கும் சத்தம் முதலில் சடசடவென்று இருக்கும், நீர் வற்ற வற்ற அடங்கும். கடைசியில் மேலே நுரை கிளம்பும். அந்த நேரம் அடியில் இருக்கும் கற்கத்தை, அதாவது மூலிகை விழுதை, கரண்டியில் எடுத்து, ஆறியதும் இரண்டு விரலால் உருட்டுங்கள். கையில் ஒட்டாமல் திரியாக உருள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டுங்கள். சத்தமில்லாமல் எரிந்தால் நீர் இல்லை. "சிட், சிட்" என்று வெடித்தால் இன்னும் இருக்கிறது, இறக்காதீர்கள். இதற்கும் மேலே போனால் கற்கம் கருகி எண்ணெய் தீய்ந்த வாடை அடிக்கும், எனவே தீயைக் குறைத்தே வையுங்கள்.

சட்டி எது என்று நீங்கள் சொல்லவில்லை. செம்பும் இரும்பும் எண்ணெய் காறுவதை வேகப்படுத்தும். பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் கடையில் நிற்க வேண்டிய எண்ணெய் என்றால் ஸ்டீல் சட்டியில் காய்ச்சுங்கள். சூடு குறைந்ததும் துணியில் வடிகட்டி, இரண்டு நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் மேலாக ஊற்றி எடுங்கள். கழுவிய பாட்டிலில் ஒரு சொட்டு ஈரம் நின்றால் மேலே செய்ததெல்லாம் வீண். வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று சொல்வார்கள். அது காறலைத் தள்ளிப்போடும், பூஞ்சையைத் தடுக்காது.

பச்சிலைக்காரன் எழுதியது:

எண்ணெய்ச்சட்டி ஐயா, இரும்புச் சட்டிதான். திரி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் என் பாட்டிக்கு இருந்தது, நாங்கள் கடிகாரம் பார்த்து இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

டிரையர் என்று முடிவு செய்துவிட்டோம். ஆர்டரைத்தான் என்ன செய்வது என்று புரியவில்லை. இழுத்தடித்தால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அக்கா, லேபிள் விஷயமும் பாக்கி இருக்கிறது.

சல்லடை எழுதியது:

லேபிளில் அந்த வரி வேண்டாம் தம்பி. "குணமாகும்" என்று எழுதிய நிமிடத்தில் உங்கள் பொடி மருந்தாகிவிடும். உணவாக விற்றால் ஒரு சட்டம், அழகுப்பொருளாக விற்றால் ஒரு சட்டம், மருந்தாக விற்றால் அனுமதி, நிரூபணம் என்று வேறொரு உலகம். எந்த நாட்டிலும் ஏறக்குறைய இதுதான் நிலை. கடைக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கவரில் இருப்பது உங்கள் பெயர். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் யார் சாப்பிடக்கூடாது என்று எழுதுங்கள். நிலவேம்பு கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், லாட் எண், அரைத்த தேதி, இவை போதும்.

ஆர்டரை விட வேண்டாம். மாதாமாதம் இத்தனை என்று கையெழுத்தும் போட வேண்டாம். முதலில் உங்கள் இப்போதைய அளவிலேயே ஒரு லாட், அவர்கள் கேட்ட 80 மெஷ், 8 சதவீதத்தில். அவர்கள் ஆய்வகமும் உங்கள் ஆய்வகமும் ஒரே மாதிரியைப் பார்க்கட்டும். இரண்டு அறிக்கையும் ஒத்துப்போனால் அளவைப் பேசலாம். பொடியாகத்தான் வேண்டுமா, உலர்ந்த இலையாக எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரிய இடங்களில் சொந்த அரவை இருக்கும், இலையாக வாங்கினால் கலப்படம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் பலர் அதையே விரும்புவார்கள். அப்படி ஒத்துக்கொண்டால் பெரிய பல்வரைசர் பேச்சே எழாது.

மழைக்காலத்தில் தருகிறோம் என்று சொல்லும் அளவை வெயில்காலக் கணக்கில் சொல்லிவிடாதீர்கள். டிரையர் வந்ததும் முதலில் துளசியை மட்டும் ஓட்டி, எத்தனை மணி நேரத்தில் ஜாடி 50க்கு இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். ஆவாரம்பூவை அதே டிரேயில் கலந்து போட வேண்டாம், இதழ் காயும் வேகம் வேறு, துளசி மணமும் அதில் ஏறிவிடும்.